மறு: ‘ஓப்பன் டேட்டா’வுக்குத் தமிழ்ச் சொல் – ‘கட்டற்ற தரவு’ என்பதே என் பரிந்துரை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ‘ஓப்பன் டேட்டா’வுக்கு, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தத் தக்க தரவுக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் எந்தத் தமிழ்ச் சொல்லைச் சேர்ப்பது என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

ஊத்தங்கரை ஐயா ‘வெளிப்படைத் தரவு’ என்கிறார். ஓசூர் தம்பி ‘திறந்த தரவு’ போதும், நாளிதழ்களுக்கும் எளிது என்கிறார். இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் இரண்டுமே பார்ப்பதோடு நின்றுவிடுகின்றன. நாம் பெயர் வைக்க வேண்டியது, அரசுத் தரவை எடுத்து, கணக்கிட்டு, வேறொன்றோடு சேர்த்து, மீண்டும் வெளியிடும் உரிமைக்கு.

தருமபுரிக்காரர்களுக்கு இதை விளக்கத் தொலைவு போக வேண்டியதில்லை. தமிழக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் காவிரி நீர்வரத்து ‘விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி’ என்று செய்தியில் வருகிறது. வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை. எல்லாரும் படிக்கிறோம், ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆனால் எந்த மாதத்தில் எத்தனை நாள் பரிசல் ஓட்டிகளின் பிழைப்பு போகிறது என்று ஒரு கல்லூரி மாணவர் கணக்கிட வேண்டுமானால், பத்தாண்டு வரத்து நாள்வாரியாக, கணினி படிக்கும் கோப்பாக, யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு கிடைக்க வேண்டும். முன்னது வெளிப்படை. அந்தச் சொல்லைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கே விட்டுவிடலாம். கேட்காமலே தகவலை வெளியிடச் சொல்லும் அதன் 4ஆம் பிரிவுக்கு அது அழகாகப் பொருந்தும். நாம் சொல் தேடுவது பின்னதற்கு.

குடிநீர் இதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. ஆழ்துளைக் கிணறுகளின் பரிசோதனை முடிவுகளைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். பிடிஎப் கோப்பாக அனுப்பிவைத்தார்கள். திறந்தால் ஸ்கேன் செய்த படம். பக்கம் ஒருபுறம் சாய்ந்திருக்கிறது. புளோரைடு எண்களின் மேலேயே வட்ட முத்திரை விழுந்து, 1.2ஆ 1.7ஆ என்று தெரியவில்லை. தனிக் கோப்பாக வந்த ஊர்ப்பெயர்ப் பட்டியல் யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் இருந்ததால், நகலெடுத்து ஒட்டியதும் ‘பென்னாகரம்’ ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக மாறிவிட்டது. அந்த ஊரில் வளரும் பிள்ளைகளின் பல்லில் கறை படியுமா என்பது முத்திரைக்கு அடியில் கிடக்கும் அந்த எண்ணைப் பொறுத்தது. ஆனாலும் அந்தக் கோப்பு யாரும் பார்க்கத் திறந்துதானே இருந்தது என்று அலுவலகம் சொன்னால், ‘திறந்த தரவு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாம் என்ன பதில் சொல்வோம்?

‘நாட்டுடைமைத் தரவு’ என்ற சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். நாட்டுடைமை ஆன பாரதியின் பாடல்களை இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடுகிறார்கள். மக்கள் வரிப்பணத்தில் சேர்ந்த தரவுக்கும் அந்த நிலை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் 1969இல் வங்கிகள் நாட்டுடைமை ஆனபோது அவை அரசின் கைக்குப் போயின. ஒரே சொல் இப்படி இரு திசையில் இழுத்தால் கலைச்சொல்லாகாது.

‘கட்டற்ற’ என்பதை நாம் புதிதாகப் பழக்க வேண்டியதில்லை. தமிழ் விக்கிப்பீடியாவின் முகப்பில் ‘கட்டற்ற கலைக்களஞ்சியம்’ என்றே இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் என்றால் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று கணினித் தமிழ் அறிந்தவர்களுக்குத் தெரியும். அதே உரிமைகள்தான் இங்கும்.

அலுவலர்கள் இதைக் ‘கட்டுப்பாடில்லாத’ என்று புரிந்துகொண்டு மிரள்வார்கள் என்ற ஊத்தங்கரை ஐயாவின் அச்சம் நியாயமானது. குடும்ப அட்டைதாரர் பெயர்களும் நோயாளி விவரங்களும் வெளியே போய்விடுமோ என்றுதான் அவர்களும் கேட்பார்கள். நடுவண் அரசின் 2012ஆம் ஆண்டுத் தரவுப் பகிர்வுக் கொள்கையே எல்லாருக்குமானது, பதிவு செய்தவர்களுக்கானது, வரையறுக்கப்பட்டது என்று மூன்றாகப் பிரித்துவிட்டது. 2017இல் வந்த அரசுத் தரவு உரிமம் வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கிறது. மூலத்தைக் குறிப்பிடச் சொல்கிறது. தனிநபர் விவரங்களை விலக்கி வைக்கிறது. நாம் அறுக்கச் சொல்வது பயன்பாட்டின் மீதுள்ள கட்டை மட்டுமே. விளக்கக் குறிப்பில் இதை ஒரு வரியில் சேர்த்துவிடலாம்.

வினைச்சொல்லும் வேண்டும். ‘கட்டவிழ்த்தல்’ ஆகாது; நாளிதழ்களில் வன்முறையைத்தான் கட்டவிழ்த்துவிடுகிறார்கள். ‘கட்டுநீக்கம்’ என்று வைக்கலாம்: ‘மாவட்டக் குடிநீர்த் தரவு கட்டுநீக்கம் செய்யப்பட்டது.’ காதுக்கு உறுத்தவில்லை.

பட்டியலில் சேர்க்க என் முன்மொழிவு இது:

கட்டற்ற தரவு: யாரும் கட்டணமின்றிப் பெற்று, எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தி, மாற்றி, பகிரத்தக்க தரவு, மூலத்தைக் குறிப்பிடுமாறு மட்டும் கோரலாம். கணினி படிக்கும் வடிவில் இருத்தல் வேண்டும். தனிநபர் விவரங்கள் இதில் அடங்கா.

‘எந்த நோக்கத்துக்கும்’ என்பதைச் சட்டம் படித்தவர்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். ‘சட்டத்துக்கு உட்பட்ட’ என்று முன்னால் சேர்க்க வேண்டியிருக்கலாம். ஓசூர் தம்பி இதை ஒரு செய்தித் தலைப்பில் வைத்துப் பார்த்து எழுதினால் நல்லது.

அன்புடன்,
பாலக்கோட்டிலிருந்து