பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவில் பிள்ளைகளை என்ன செய்ய விடலாம்?

கேள்வி (இரணைமடுப் பக்கம்):
வணக்கம். தவணை விடுமுறையில் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வீட்டில் நானேதான் படிப்பிக்கிறேன். மூத்தவன் அடுத்த வருசம் புலமைப்பரிசில் எழுத வேண்டும், சின்னவள் இரண்டாம் ஆண்டு. காலையில் தமிழ், பிறகு கணக்கு, பிறகு சுற்றாடல், இடையில் பத்துப் பத்து நிமிடம் விடுகிறேன். விட்டதும் போனைத் தூக்குகிறார்கள், வாங்கி வைத்தால் அழுகை, அதற்குப் பிறகு கணக்கு ஏறவே ஏறாது. வெளியே விட்டால் பக்கத்து வளவுப் பிள்ளைகளோடு கிளித்தட்டு தொடங்கிவிடும், அரை மணித்தியாலம் கழித்தும் ஆள் வராது. பிள்ளைகள் சந்தோசமாக விளையாட வேண்டும், கெதியாகவும் முடிய வேண்டும். நீங்கள் என்ன மாதிரிச் செய்கிறீர்கள்?

பதில் 1 (ஒட்டுசுட்டான்):
தங்கச்சி, நான் முன்பள்ளியில் படிப்பித்தவள், அதை வைத்துச் சொல்கிறேன். "காணும், வா" என்று நீங்கள் கூப்பிட்டு முடிக்கிற விளையாட்டு ஒவ்வொரு தடவையும் சண்டையில்தான் போய் நிற்கும். தானாக முடிகிற விளையாட்டாகக் கொடுங்கள். கிளித்தட்டு அப்படியில்லை, ஆளும் கன பேர் வேண்டும், அதைப் பின்னேரத்துக்கு வையுங்கள். இடைவேளைக்குக் கொக்கான் நல்லது. ஐந்து கல்லு, ஒன்றை எறிந்து ஒன்றைப் பொறுக்கி, பிறகு இரண்டிரண்டாக, மூன்று, நான்கு. நான்கு வந்தால் ஆட்டம் முடிந்தது, கல்லைச் சுவரோரம் வைத்துவிட்டுக் கொப்பியை எடுக்க வேண்டும் என்று முதலே சொல்லி வையுங்கள். கண்ணும் கையும் சேர்ந்து ஓடுவதால் எழுதி எழுதி இறுகின விரல்களும் தளரும்.

புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்தால் வெள்ளை தெரியும். அப்படி ஆறேழு கொட்டை உரைத்து வைத்துக்கொண்டு குலுக்கிப் போட்டு வெள்ளையை மட்டும் எண்ணட்டும், முதலில் இருபது சேர்ந்தவர் வெற்றி. சின்னவளுக்குக் கூட்டல் அதற்குள்ளேயே வந்துவிடும். அழகாக இருக்கிறதென்று குன்றிமணியைக் கொடுத்து விடாதீர்கள், கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு அது.

பதில் 2 (புதுக்குடியிருப்பு):
அக்கா சொன்னது சரி, ஆனால் எல்லாம் இருந்து விளையாடுகிற விளையாட்டாகப் போய்விட்டதே. ஒரு மணித்தியாலம் குந்தியிருந்த பிள்ளைக்கு உடம்பு அசைய வேண்டும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பனையோலையில் காத்தாடி செய்து வைப்போம், இரண்டு ஓலைத் துண்டைக் குறுக்காக வைத்து முள்ளால் குத்தி ஈர்க்கில் செருகுவதுதான். செய்கிற வேலையை இடைவேளைக்குள் கொண்டு வரக்கூடாது, அது இழுபட்டுக்கொண்டே போகும். இடைவேளையில் படலையிலிருந்து கிணற்றடிக்குக் கிட்டப் போய்த் திரும்ப ஓடுவது மட்டும், ஆளுக்கு மூன்று தரம். கிணற்றுக்குக் கட்டு இல்லையென்றால் வேறு பக்கம் எல்லை வையுங்கள்.

வாரத்துக்கொரு தடவை வளவைச் சுற்றி சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டில் நிற்கிற தண்ணீரைக் கவிழ்க்க விடுகிறோம். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற அளவுக்கு வளர ஏறக்குறைய ஒரு கிழமை எடுக்கும், அதனால் கிழமைக்கொரு தரம் போதும். யார் கூடக் கவிழ்த்தது என்று அவர்களுக்குள் பெரிய போட்டி!

இன்னொன்று, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பந்து பற்றைக்குள் போனால் பிள்ளை பின்னால் போகக்கூடாது, பெரியவரைக் கூப்பிட வேண்டும். கண்ணிவெடி இருக்கிறதென்று எச்சரிக்கிற மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமென்றாலும், தெரியாத இரும்பைத் தொடாதே, எறியாதே, வந்து சொல் என்று திரும்பத் திரும்பச் சொல்லி வையுங்கள். பத்து நிமிட விளையாட்டென்று இதில் கவனம் விடக்கூடாது.

கேள்வி கேட்டவர்:
இரண்டு பேருக்கும் நன்றி. நேற்றே கொக்கான் தொடங்கிவிட்டோம், போனைக் கேட்கவில்லை. ஆனால் மூத்தவன்தான் எப்போதும் வெல்கிறான், சின்னவள் முகம் வாடிக் கொப்பியையே தொடமாட்டேன் என்கிறாள். அப்புறம் நண்பகல் வெயிலுக்கு என்ன செய்யலாம்?

பதில் 1:
அவர்களுக்கு "எவடம் எவடம்" சொல்லிக் கொடுங்கள். மூத்தவன் இரண்டு கையிலும் மண்ணை ஏந்தி அதில் ஒரு குச்சியைக் குத்தி வைத்திருக்கட்டும். அவன் கண்ணைச் சின்னவள் பின்னால் நின்று பொத்தி, முற்றமெல்லாம் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய், ஓரிடத்தில் மண்ணை வைக்கச் சொல்லித் தொடங்கின இடத்துக்கே கொண்டுவந்து விடுவாள். அவன் கண்ணைத் திறந்து போய்த் தேட வேண்டும், குச்சி கிடைத்தால் முடிந்தது. அவளுக்கு உயரம் எட்டாவிட்டால் சாரத்துண்டால் கண்ணைக் கட்டுங்கள். வழி நடத்துகிறவள் அவள்தானே, வெல்வது தோற்பது அங்கே பெரிதாக வராது. நண்பகலில் இதையே விறாந்தையில் மண்ணுக்குப் பதிலாகச் சிரட்டையும் அரிசியும் வைத்து விளையாடலாம். பாடம் தொடங்க முதல் இரண்டு பேருக்கும் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள்.