தடித்த இதயத் தசை, உள்ளே தழும்பு: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

செந்தூல்காரன்:

எங்கள் அப்பா வழியில் ஆண்கள் ஐம்பதைத் தாண்டுவதில்லை என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். பெரியப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போன இடத்திலேயே விழுந்து இறந்தார், காத்து கருப்பு என்று பேசி முடித்துவிட்டார்கள். அப்புறம் சித்தப்பா. அப்போதும் யாரும் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

அண்ணன் ஃபுட்சால் ஆடும்போது கண் இருண்டு விழுந்தார். பக்கத்துக் கிளினிக்கில் கேஸ்ட்ரிக் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மறுபடியும் மயங்கியதும் அண்ணி யார் பேச்சையும் கேட்காமல் பெரிய மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனார், இன்றைக்கு அவர் உயிரோடு இருப்பது அதனால்தான். ஈசிஜி சரியில்லை. எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், இடது கீழறைச் சுவரின் தடிமன் 21 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கு 12-க்குள் இருக்க வேண்டும், வேறு காரணம் இல்லாமல் 15-ஐத் தொட்டாலே ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதியா, அதாவது இதயத் தசை தடிக்கும் நோயா என்று பார்ப்பார்களாம். பரம்பரையாக வருவது, 500 பேரில் ஒருவருக்கு இருக்கக்கூடியது, அபூர்வ நோய் என்று சொல்லவே முடியாது.

ஆனால் எங்களை உலுக்கியது தடிப்பு இல்லை, தழும்பு. கடோலினியம் மருந்தை ஊசியில் ஏற்றி எம்ஆர்ஐ எடுத்தார்கள். டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார், கறுப்பாக இருக்க வேண்டிய தசைக்குள் திட்டுத் திட்டாக வெள்ளை. இந்த நோயில் தசை நார்கள் தாறுமாறாக அடுக்கியிருக்குமாம், உள்ளே ஓடும் சிறு இரத்தக் குழாய்களும் குறுகிப்போய், செத்த செல்களின் இடத்தில் நார்த்திசு வந்து உட்கார்ந்துவிடும். இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்சாரம் அதில் போகாது. தழும்புக்கு இடையில் பிழைத்திருக்கும் கொஞ்ச நார் வழியாக மெதுவாகச் சுற்றிக்கொண்டு போகும், சில நேரம் புலாத்தானில் (சாலை ரவுண்டானாவில்) வெளியேறும் பாதையைத் தவறவிட்ட கார் மாதிரி அங்கேயே திரும்பத் திரும்பச் சுற்ற ஆரம்பித்துவிடும். அந்தச் சுற்றுதான் நிமிடத்துக்கு 200 போன்ற வேகத்தில் கீழறையைத் துடிக்க வைக்கிறது. அது இன்னும் கெட்டு, கீழறை துடிக்காமல் வெறுமனே நடுங்க ஆரம்பித்தால் மூளைக்கு இரத்தமே போகாது, சில நொடியில் ஆள் விழுந்துவிடுவார். பெரியப்பாவுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

இடது கீழறைத் தசையில் 15 சதவீதமோ அதற்கு மேலோ தழும்பு இருந்தால் ஆபத்துக் கணக்கில் அதைப் பெரிதாகச் சேர்க்கிறார்கள். அண்ணனுக்கு அந்த அளவு இருந்தது, மயக்கமும் இருந்தது, குடும்பத்தில் திடீர் மரணமும் இருந்தது, அதனால் ஐசிடி வைத்தாயிற்று, துடிப்பு ஆபத்தான வேகத்துக்குப் போனால் உள்ளிருந்தே மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவி அது. துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும் தொடர்கிறது, ஆனால் அது தழும்பை அழிக்காது. காப்புறுதிக்காரர்கள் 'பிறவி நோய்' என்று கையை விரித்தார்கள், அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

தண்ணீர்மலை அக்கா:

என் மகனுக்கு வேறு வகை, அரித்மோஜெனிக் கார்டியோமயோபதி. இதில் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் புரதத்தில் கோளாறு. பெரும்பாலும் வலது கீழறையில் தசை போய் கொழுப்பும் தழும்பும் வந்துவிடும். ஆரம்பத்தில் எக்கோ சுத்தமாகக்கூட இருக்கலாம், அதனால் "எக்கோ நார்மல்தானே" என்று யாரும் நிம்மதியாகப் படுத்துவிட வேண்டாம். அவனுக்கு ஹோல்டர் (உடம்பில் மாட்டிக்கொண்டே தொடர்ந்து ஈசிஜி பதிவு செய்யும் சிறு கருவி) மாட்டியபோதுதான் தாறுமாறான துடிப்புகள் பிடிபட்டன.

எங்களுக்கு மாத்திரை கஷ்டமில்லை, ஓட்டத்தை நிறுத்தச் சொன்னதுதான் கஷ்டம். கடுமையான உடற்பயிற்சி இந்த நோயை வேகப்படுத்தும். பள்ளியில் 800 மீட்டர் ஓடிய பையன், ஸ்பைக் காலணியைத் தூக்கிப்போட மனமில்லாமல் இன்னும் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறான். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டியிருந்தான். அந்த வெயிலில் பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலின் 513 படி ஏறுவதற்கு டாக்டர் ஒரேயடியாக வேண்டாம் என்றார், நான் பால்குடம் எடுத்துவிட்டேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், என் மாமியார்தான் கோபித்துக்கொண்டார்.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி:

அக்கா, அண்ணே, மரபணு விஷயம் ஒன்று சொல்கிறேன். இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருப்பது தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது என்று 2009-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது, அதில் மதுரை ஆய்வாளர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. நம் வேர் அங்கேதானே. ஆனால் அது இருப்பவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை, அதனால் வாட்ஸ்அப்பில் வருவதைப் பார்த்துவிட்டு மரபணுச் சோதனைக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். முதலில் நோய் உள்ளவருக்குச் சோதித்து, காரணமான மாற்றம் கிடைத்தால் மட்டுமே மற்றவர்களுக்கு அதைத் தேடுவதில் பலன்.

செந்தூல் அண்ணே, ஐசிடி அடித்தால் எப்படி இருக்கும்? எனக்கும் வைக்கச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது.

செந்தூல்காரன்:

தம்பி, பொய் சொல்ல மாட்டேன், வலிக்கும். அண்ணனுக்கு பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அப்பம் பாலிக் வாங்க நிற்கும்போது அடித்தது. தலை லேசாகச் சுற்றியதாம், அடுத்த கணம் உடம்பே தூக்கிப் போட்டது, கையில் இருந்த சில்லறை எல்லாம் தட்டுக்குள் சிதறியது. கடைக்காரர் அலறிவிட்டார். அண்ணன் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் தெளிவாகப் பேசினார். ஒரு தடவை அடித்து உடம்பு சரியாக இருந்தால் ஐசிடி கிளினிக்குக்குப் போன் செய்து சொன்னால் போதும். அடுத்தடுத்து அடித்தாலோ, அடித்த பிறகும் மயக்கம், நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ உடனே 999 அவசர எண்ணுக்கு அழைக்க வேண்டும். கிளினிக்கில் கருவியைப் படித்தபோது அந்தத் தாறுமாறான துடிப்பு முழுவதும் பதிவாகியிருந்தது. கைத்தொலைபேசியைச் சட்டைப் பையில் வைக்காதே, கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளியிருக்கட்டும்.

எனக்கும் தங்கச்சிக்கும் ஈசிஜி, எக்கோ எடுத்தாயிற்று, இப்போதைக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் பெரியவர்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் பிள்ளைகள் அதைவிட அடிக்கடியும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அப்பா அம்மாவில் ஒருவருக்கு நோய்க்குக் காரணமான மரபணு மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஈப்போவில் இருக்கும் பெரியப்பா பிள்ளைகளை எவ்வளவு கூப்பிட்டும் வர மாட்டேன் என்கிறார்கள், "நோய் இருக்கிறது என்று தெரிந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா?" என்பதுதான் பெரியம்மாவின் கேள்வி. இப்படிப்பட்ட பெரியவர்களைப் பேசிச் சம்மதிக்க வைத்தவர்கள் இங்கே யாராவது இருந்தால், என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.