படத்தில் வானத்தை மாற்றினால் சில்வர் ஓக் மரத்தின் இலைகளைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுகிறது – உதவி தேவை

கேள்வி (கோத்தகிரி)

வணக்கம். தை மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். பெரிதாக பிரேம் போட்டு மாட்டலாம் என்று ஐப்பசியில் எங்கள் தேயிலை மேட்டில் அப்பா அம்மாவை நிற்கவைத்து போனில் ஒரு படம் எடுத்தேன். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை. அன்றும் தூறல் விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. அம்மா இப்படிச் சிரித்து எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. நான் ஒரே மகள், இந்தப் படத்தை விட மனமில்லை. வானம் மட்டும் வெள்ளைத் தாள் மாதிரி வெறுமையாக இருக்கிறது.

கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில், ஒரே மாதிரி நிறத்தைப் பிடிக்கும் ஃபஸி செலக்ட் கருவியால் வானத்தைத் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டு, அடியில் ஒரு நீல வானத்தை வைத்தேன். பின்னால் நிற்கும் சில்வர் ஓக்கில் ஒவ்வொரு இலையையும் சுற்றி வெள்ளைக் கோடு. இலை இடுக்குகளில் பழைய வெள்ளை அப்படியே நிற்கிறது. அப்பாவின் நரைமுடியில் பாதி வானத்தோடு போய்விட்டது. தூரத்து மலையோ கத்தரியால் வெட்டி ஒட்டியது போல இருக்கிறது. தேர்வின் விளிம்பை மென்மையாக்கும் ஃபெதரை 5 பிக்சல், 10 பிக்சல் என்று கூட்டிப் பார்த்தேன். கோடு இன்னும் அகலமானதுதான் மிச்சம்.

பதில் (குன்னூர்)

தங்கச்சி, முதலில் அழிப்பதை நிறுத்துங்கள். அழித்தது போனதுதான். அதற்குப் பதில் மாஸ்க் என்ற மறைப்பைப் போடுங்கள்; மாஸ்க்கில் கறுப்பால் மறைத்ததை வெள்ளை பூசி எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த நகல் வேண்டாம், போனில் இருக்கும் அசல் கோப்பையே எடுங்கள்.

இலை விளிம்பில் இருக்கும் பிக்சலில் பாதி பச்சை, பாதி பழைய வானத்தின் வெள்ளை. செலக்‌ஷன் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் அந்த வெள்ளை பிக்சலுக்குள்ளேயே கலந்து கிடக்கிறது. ஃபெதர் அதைப் பரப்பத்தான் செய்யும். உங்கள் வானம் வெள்ளையாக இருப்பது இந்த இடத்தில் நல்லதாகப் போயிற்று. புது வானத்தைப் படத்துக்கு மேல் லேயராக, அதாவது தனி அடுக்காக வைத்து, மோடை மல்டிப்ளை ஆக்குங்கள். இரண்டு அடுக்கின் நிறங்களும் ஒன்றோடொன்று பெருக்கப்படும். வெள்ளை இருந்த இடத்தில் புது வானம் முழுதாகத் தெரியும். கரும்பச்சை இலை கரும்பச்சையாகவே நிற்கும். பாதி வெள்ளையாக இருந்த விளிம்பு பாதி நீலமாகிவிடும். இடுக்குகளும் தானாக நிறையும்.

அப்புறம் ஆட்கள் மேலும் தேயிலை மேலும் நீலம் ஏறாமலிருக்க மாஸ்க் வேண்டும். அதைக் கையால் வரைய வேண்டாம். படத்தின் நகலில் கலர்ஸ், காம்போனென்ட்ஸ், எக்ஸ்ட்ராக்ட் காம்போனென்ட் போய் ஆர்ஜிபி ப்ளூ, அதாவது படத்தின் நீலப் பங்கை மட்டும் எடுங்கள். பச்சை இலையில் நீலம் குறைவு என்பதால் மரம் இருட்டாகவும் வானம் வெளிச்சமாகவும் பிரிந்துவிடும். வெளிச்சம், இருட்டைச் சரிசெய்யும் லெவல்ஸில் இரண்டு முனைகளையும் உள்ளே நகர்த்தி அந்த வித்தியாசத்தைக் கூட்டுங்கள். ஆனால் விளிம்பில் கொஞ்சம் சாம்பல் நிறம் இருக்கட்டும். இலையின் மென்மை அதில்தான் இருக்கிறது. இதைக் காப்பி செய்து வான லேயரின் மாஸ்க்கில் ஒட்டி, ஆங்கர் கொடுத்துப் பதியவையுங்கள். நரைமுடியும் வேட்டியும் இதில் வெள்ளையாகத்தான் வரும். அங்கே மட்டும் சின்ன கறுப்பு பிரஷ்ஷால் பூசுங்கள்.

சில்வர் ஓக் இலையின் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி இருக்கும். காற்றில் திரும்பிய இலைகளும் ப்ளூவில் வெளிச்சமாக வரும். பெரிதாக்கிப் பார்த்து அவற்றையும் மாஸ்க்கில் கறுப்பாக்குங்கள், இல்லாவிட்டால் அந்த இலைகள் நீலமாகிவிடும்.

பதில் (கூடலூர்)

ஃபோட்டோஷாப் 2021 பதிப்பிலிருந்து இதற்கென்றே ஸ்கை ரீப்ளேஸ்மென்ட் இருக்கிறது. அதிலும் மரக்கிளை இருந்தால் கடைசியில் மாஸ்க்கைக் கையால் திருத்தத்தான் வேண்டும். கிம்ப்பிலேயே தொடருங்கள்.

பதில் (கொடைக்கானல்)

குன்னூர்க்காரர் சொன்ன முறை சரிதான். எனக்கு அந்த நீல வானமே உறுத்துகிறதும்மா. தூறல் விட்ட நேரம் என்கிறீர்கள். தேயிலை ஈரத்தில் மினுங்கும், யார் காலடியிலும் நிழல் இருக்காது. மூக்குக்குக் கீழே நிழல் விழாத முகத்துக்குப் பின்னால் உச்சிவெயில் வானத்தை வைத்தால், காரணம் புரியாதவருக்கும் ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றும். இங்கே தூண் பாறையில் மூடுபனிக்குள் எடுத்த படங்களுக்கு நீல வானம் வைத்துத் தரச் சொல்லிப் பலர் கேட்பார்கள், நான் ஒத்துக்கொள்வதில்லை.

மழை விட்டு மேகம் கலையும்போது நடுவில் வெளிறிய நீலம் தெரியுமே, அந்த வானம் உங்கள் படத்துக்குப் பொருந்தும். எங்கும் தேட வேண்டாம். அதே மேட்டில் நின்று, அதே திசையில், அதே போனில், ஜூம் இல்லாமல் எடுங்கள்.

மலைக்கு: அடிவானத்தை நெருங்க நெருங்க வானம் வெளிறித்தான் இருக்கும். மாஸ்க்கில் பெரிய, மென்மையான கறுப்பு பிரஷ்ஷை ஒபேசிட்டி (நிறத்தின் அழுத்தம்) 15 வைத்து மலைக்கோட்டை ஒட்டி இரண்டு மூன்று தடவை இழுங்கள். புது வானம் மூடுபனிக்குள் கரைந்துவிடும்.

கேட்டவர்

அண்ணா, கோடு போயே போய்விட்டது! இடுக்குகள்கூட நிறைந்துவிட்டன. ஆனால் வானம் நான் எடுத்ததைவிட மங்கலாக வருகிறது.

பதில் (குன்னூர்)

பழைய வானம் சுத்த வெள்ளை இல்லை, லேசான சாம்பல். அதோடு பெருக்குவதால் இருள்கிறது. மாஸ்க்கைத் தொடாமல் வான லேயருக்கு மட்டும் லெவல்ஸில் நடு முக்கோணத்தை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள்.

கேட்டவர்

சரியாகிவிட்டது. நேற்று மாலை மழை விட்டதும் ஓடிப்போய் மேட்டிலிருந்து வானத்தை எடுத்தேன், அதைத்தான் வைத்திருக்கிறேன். அப்பாவின் முடி ஒவ்வொன்றும் தெரிகிறது. அவர் முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு சின்ன வெள்ளை முக்கோணம் மட்டும் விட்டுப்போயிருந்தது, மாஸ்க்கில் அதையும் திறந்துவிட்டேன். நாளை பிரிண்ட் கொடுக்கிறேன். இரண்டு அண்ணன்களுக்கும் ரொம்ப நன்றி.