கோனா ஏரியைத் திரும்பக் கட்டித்தான் ஆக வேண்டுமா?

செவ்வந்தி:
உத்தராகண்டின் கட்வால் மலையில், பிர்ஹி கங்கை ஆற்றில் இருந்த கோனா ஏரியை (அங்கே துர்மி தால் என்பார்கள்) மீட்டுத் தரச் சொல்லி அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. 1893 செப்டம்பரில் மலை சரிந்து ஆற்றை அடைத்ததால் உண்டான ஏரி, 1970 ஜூலை வெள்ளத்தோடு போய்விட்டது. சின்னதாக ஒரு அணை போட்டால் படகு ஓடும், நாலு பேருக்குப் பிழைப்பும் கிடைக்கும். இதில் என்ன தப்பு?

வண்டல்:
அந்த ஏரி 1894 ஆகஸ்ட் 25 இரவு முதல் தடவை உடைந்ததை அப்படியே தாண்டிப் போய்விட்டீர்களே. சில மணி நேரத்தில் சுமார் 28 கோடி கன மீட்டர் தண்ணீர் இறங்கியது. கீழே ஸ்ரீநகரில் (காஷ்மீர் இல்லை, அலக்நந்தா கரையில் இருப்பது) பழைய ஊரையே துடைத்துவிட்டது. நீங்கள் 1970-இல் போனதாகச் சொல்வது அதற்குப் பிறகு மிஞ்சிய ஏரி.

செவ்வந்தி:
ஊர் போனது, சரி. உயிர் எத்தனை போனது என்பதையும் சொல்லுங்கள். ஐந்து. அதுவும் வெளியேற்றிய பிறகு பிடிவாதமாகத் திரும்பிப் போன ஒரு பக்கிரியின் குடும்பம். புல்ஃபோர்டு என்ற பொறியாளர் தண்ணீர் ஏறும் வேகத்தைப் பார்த்து, ஆகஸ்டில் அணைமேல் வழியும் என்று பல மாதம் முன்பே கணக்குப் போட்டார், ஹரித்வார் வரை தந்திக் கம்பி இழுத்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு முடிந்தது இன்றைக்கு முடியாதா?

வண்டல்:
கிட்டத்தட்ட ஒரு வருடம் அவகாசம் கிடைத்ததால் முடிந்தது. உடைந்ததாகப் பதிவான மண்சரிவு அணைகளில் ஏறக்குறைய பாதி பத்து நாளுக்குள்ளேயே உடைந்திருக்கின்றன, கம்பம் நடக்கூட நேரம் இருக்காது.

கூழாங்கல்:
எல்லாமே உடையும் என்றும் இல்லை. தஜிகிஸ்தானில் 1911 நிலநடுக்கத்தில் மலை விழுந்து உண்டான சாரேஸ் ஏரி இன்னும் இருக்கிறது, 550 மீட்டருக்கும் மேல் உயரமான மண்ணணை. தண்ணீர் உள்ளுக்குள்ளேயே கசிந்து வெளியேறுவதால் மேலே வழியவில்லை. பாகிஸ்தானின் ஹுன்சாவில் 2010-இல் உண்டான அத்தாபாத் ஏரியில் வேறு மாதிரி, அணையை வெட்டி வழி விட்டார்கள், இப்போது அங்கே சுற்றுலாப் படகு. கோனாவைக் கொன்றது காடு வெட்டினவர்கள் என்பேன். 1970 வெள்ளத்துக்குப் பிறகு அந்தச் சமோலி மாவட்ட மக்கள் அதைத்தான் சொன்னார்கள், 1973-இல் மரத்தைக் கட்டிப்பிடித்து வெட்டவிடாமல் தடுத்த சிப்கோ இயக்கம் கிளம்பியதற்கு அந்த வெள்ளமும் ஒரு காரணம்.

வண்டல்:
காடு வெட்டினது உண்மை, மண் வேகமாக இறங்கியதும் உண்மை. ஆனால் காடு அப்படியே நின்றிருந்தாலும் ஏரி தூர்ந்துதான் போயிருக்கும், கொஞ்சம் தாமதமாக. பழைய ஏரிப் படுகையை ஆறு அறுக்கிற இடத்தில் கரையை உற்றுப் பாருங்கள், வெள்ளக் காலத்து வெளிர் மணல் விரற்கடை அளவு, அதன்மேல் தண்ணீர் அசையாமல் கிடந்த மாதங்களின் கறுத்த சேறு, நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிரும், அப்புறம் மறுபடி மணல். அடுக்கடுக்காக மேலே வரை. அதே ஆறு உங்கள் புது அணைக்குப் பின்னாலும் இதையேதான் கொட்டும். 1970-இல் வந்த வண்டல் ஹரித்வாரில் மேல் கங்கைக் கால்வாயையே அடைத்ததே, தூர்வாரி மாளுமா?

கூழாங்கல்:
அணை வேண்டாம் என்பதில் நானும் உங்கள் கட்சிதான். காடு விஷயத்தில் மட்டும் 'கொஞ்சம் தாமதமாக' என்று லேசாகச் சொல்லாதீர்கள். அந்தக் கொஞ்சம் ஐம்பது வருடமா, இருநூறா என்பதில்தான் சண்டையே.

செவ்வந்தி:
இரண்டு பேரும் சேர்ந்து அணையை வேண்டாம் என்கிறீர்கள், சரி, விட்டுவிடுகிறேன். ஆனால் ஏரி போன பிறகு அந்த ஊர்க்காரர்கள் எதை நம்பிப் பிழைப்பது என்றுதான் ஆரம்பத்தில் கேட்டேன். வண்டலைப் பற்றி இவ்வளவு எழுதினீர்கள், அதற்கு ஒரு வரி இல்லையே.