தண்டுவடக் காயம்: தம்பி தானே வெளியே போய்வர வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் தண்டுவடம் அடிபட்டு, மார்புக்குக் கீழே உணர்வு இல்லை. கைகளில் நல்ல பலம். வேலூர் பாகாயத்தில் உள்ள சிஎம்சியின் மேரி வர்கீஸ் மறுவாழ்வு மையத்தில் பயிற்சி முடித்து வந்திருக்கிறான். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறுகிறான், சிறுநீர் வெளியேற்றும் குழாயான கதீட்டரும் தானே போட்டுக்கொள்கிறான், படுக்கைப்புண் வராமலிருக்க அடிக்கடி கையூன்றி உடம்பைத் தூக்கிக்கொள்கிறான். டாக்டர் மேரி வர்கீஸே விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு நாற்காலியில் அமர்ந்து அறுவை சிகிச்சை செய்தவர் என்று தெரிந்ததும் அவனுக்குப் பெரிய தைரியம்.

சிக்கல் வீட்டுவாசலில்தான். படிகள் ஒன்றரை அடி உயரம். ஒரு அடி ஏற 12 அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் 18 அடி வேண்டும். முற்றத்தில் பத்தடிதான் இருக்கிறது. மடக்கிக் கட்டியவர்கள் திருப்பத்தில் எவ்வளவு இடம் விட்டீர்கள்? படம் இருந்தால் போடுங்கள்.

அப்புறம், தன் மொபைல் சர்வீஸ் கடைக்குத் தானே போய்வர ஆசைப்படுகிறான். ஐஐடி மெட்ராஸில் உருவான நியோபோல்ட் என்ற மோட்டார் வண்டியைச் சக்கர நாற்காலியில் மாட்டி மண்ரோட்டில் ஓட்டுகிறவர்கள் உண்டா? மழைக்காலத்தில் எப்படி? இல்லை, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர்தான் தேவலையா? முடிந்தால் அவனிடமே பேசுங்கள். அதே நிலையில் வாழ்கிறவர் சொன்னால் இன்னும் நம்பிக்கையோடு கேட்பான்.