பீச் காப்ளர்: மேலே பொன்னிறம், நடுவுல களி, அடியில ரசம். எங்க தப்பு?

அரைவேக்காடு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ஜார்ஜியால இருக்கேன், அட்லாண்டாவுக்குக் கொஞ்சம் வெளியே. போன ஞாயித்துக்கிழமை ஒரு பண்ணைக்குப் போய் பீச் பழம் பறிச்சோம். பசங்க ஆர்வத்துல ரெண்டு கூடை நிறைஞ்சிடுச்சு. பாதி தின்னாச்சு, மீதி நல்லாக் கனிஞ்சு என்னையே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. பக்கத்து வீட்டு அம்மா, "காப்ளர் பண்ணிடு, அதைவிடச் சுலபமான இனிப்பு இந்த ஊர்ல கிடையாது, சின்னப் பிள்ளைகூடப் பண்ணும்"னு சொன்னாங்க. (காப்ளர்னா நறுக்கின பழத்து மேல மாவு போட்டு ஓவன்ல சுடுற இனிப்பு.) சின்னப் பிள்ளை பண்ணும் போல. எனக்கு வரல.

செஞ்சது இது: தோல் உரிச்சு நறுக்கின பழம் 3 பவுண்டு, சர்க்கரை 1 கப், கார்ன்ஃப்ளோர் 3 டேபிள்ஸ்பூன், அரை மூடி எலுமிச்சை. கலந்து ஒரு மணி நேரம் அப்படியே வச்சிட்டேன். மேல் மாவுக்கு மைதா 2 கப், பேக்கிங் பவுடர், உப்பு, குளிர்ந்த வெண்ணெய், மோர். 9க்கு 13 அங்குலக் கண்ணாடிப் பாத்திரத்துல பழத்தைக் கொட்டி, மேல மாவை விளிம்பு வரைக்கும் மூடினேன். 375 டிகிரி ஃபாரன்ஹீட், 35 நிமிஷம்.

வெளிய எடுத்தப்போ பாக்க அவ்வளவு அழகு. கரண்டி விட்டா மேல ஒரு பொறை, அதுக்குக் கீழ வேகாத மாவு களி மாதிரி, அதுக்கும் கீழ தண்ணியாப் பழச்சாறு. வீட்டுக்காரர் டம்ளர்ல ஊத்திக் குடிச்சார். நிஜமாவே.

வர்ற சனிக்கிழமை பாட்லக், ஆளுக்கொரு பண்டம் செஞ்சு கொண்டுவர்ற விருந்து. அதுக்குள்ள சரிபண்ணணும். யாராவது சொல்லுங்களேன்.

கோவை ஓவன்

சூடு பத்தல சகோதரி. 425ல வைங்க, எல்லாம் வெந்துடும். இல்லேன்னா ஆப்ப சோடா ஒரு ஸ்பூன் சேர்த்துப் பாருங்க, மாவு நல்லா எழும்பும்.

மாவுக்கை

கோவைக்காரரே, கொஞ்சம் பொறுங்க. மேல ஏற்கெனவே பொன்னிறம்னு சொல்றாங்க. 425க்கு ஏத்தினா மேல் பக்கம் கருகும், உள்ள அதே களிதான் இருக்கும். சோடாவை ஒரு ஸ்பூன் கொட்டினா மாவு எழும்புதோ இல்லையோ, வாயில வச்சா சோப்பு வாடை அடிக்கும்.

அரைவேக்காடு (பேர் பிரமாதம்), மூணு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, அந்த கார்ன்ஃப்ளோர் என்ன நிறம், எந்தக் கடையில வாங்கினது? ரெண்டு, மாவை எப்படிப் பிசைஞ்சீங்க? மூணு, அடுப்புல இருந்து எடுக்கும்போது பாத்திரத்தோட நடுவுல கொப்புளம் வந்துதா, ஓரத்துல மட்டும் வந்துதா?

அரைவேக்காடு

கார்ன்ஃப்ளோர் மஞ்சளா இருந்துது. நம்ம ஊர்ல வெள்ளையா, தொட்டா கிறீச்னு இருக்குமே, இது அப்படி இல்ல. இந்த ஊர் கார்ன்ஃப்ளோர் இப்படித்தான் போலன்னு நினைச்சுக்கிட்டேன். இந்தியன் கடை தூரம்னு இங்கயே சூப்பர் மார்க்கெட்ல எடுத்தது. பாக்கெட்ல தெளிவா "கார்ன் ஃப்ளோர்"னுதான் போட்டிருக்கு.

மாவு ரொம்ப ஒட்டுச்சு. அதனால இன்னும் கொஞ்சம் மைதா தூவி சப்பாத்திக்குப் பிசையுற மாதிரி நல்லாப் பிசைஞ்சு, தேய்ச்சு மூடினேன். கொப்புளம்... ஓரத்துல ஒண்ணு ரெண்டு வந்துது. நடுவுல எதுவும் தெரியல, மாவு மூடியிருந்துதே.

மாவுக்கை

மூணுக்கும் பதில் கிடைச்சாச்சு. உங்க அடுப்பு மேல பழி போடாதீங்க.

முதல் குற்றவாளி அந்த மஞ்சள் பாக்கெட். நம்ம ஊர்லயும் இங்கிலாந்துலயும் கார்ன்ஃப்ளோர்னா வெறும் ஸ்டார்ச். அமெரிக்காவுல அதே பேர்ல விக்கிறது மக்காச்சோளத்தை முழுசா நைசா அரைச்ச மாவு. அதுல ஸ்டார்ச்சோட தவிடு, புரதம், கொழுப்பு எல்லாம் சேர்ந்திருக்கும். சாறைக் கெட்டியாக்குற சக்தி குறைவு, நாக்குல நறநறன்னும் படும். இங்க நீங்க கேக்க வேண்டியது கார்ன்ஸ்டார்ச். மஞ்சள் மாவைத் தூக்கிப் போட வேண்டாம், பஜ்ஜி மாவுல கலந்துக்கலாம்.

ஸ்டார்ச் சரியா இருந்தாலும் அது வேலை செய்யணும்னா சாறு கொதிக்கிற நிலைக்கு வந்தாகணும். ஓரம் கொதிச்சா போதாது, நடுவுலயும் சோம்பலா, பாகு கொதிக்கிற மாதிரி கெட்டியாக் கொப்புளம் வரணும். நடுவுல கொப்புளம் வந்தாதான் காப்ளர் ஆச்சுன்னு அர்த்தம். நிறத்தைப் பாத்து எடுக்காதீங்க, நிறம் ஏமாத்தும்.

அடுத்தது மூடி. காப்ளருக்கு மாவை விரிப்பு மாதிரி விரிக்கக் கூடாது. கரண்டியால அங்கங்க உருண்டையாப் போட்டு நடுவுல இடைவெளி விடணும். மேலிருந்து பாத்தா கல் பாவின தெரு மாதிரி இருக்கணும். அந்தச் சந்து வழியாத்தான் ஆவி வெளிய போகும். நீங்க விளிம்பு வரைக்கும் மூடினதால ஆவிக்குப் போக வழியில்ல, மாவோட அடிப்பக்கம் அதே ஆவியில இட்லி மாதிரி வெந்து, இட்லியாவும் ஆகாம நின்னுடுச்சு. மேல பாத்தது ரொட்டி, கீழ கிடைச்சது களி.

பிசையுறதும் கூடாது. சப்பாத்தியில குளூட்டன் (மாவுக்கு இழுவை தர்ற புரதம்) வேணும், இங்க வேணாம். வெண்ணெய் பட்டாணி அளவு துண்டா மாவுல தெரியணும், ஈரம் பட்டதும் முள்கரண்டியால பத்துப் பதினஞ்சு சுத்து, அவ்வளவுதான். கட்டியும் முட்டியுமா, அசிங்கமா இருக்கட்டும்.

ஒரு மணி நேரம் சர்க்கரையில ஊறினதும் சேர்ந்துக்குச்சு. சர்க்கரை சாறை இழுத்து வெளிய கொண்டுவந்துடும், அப்புறம் குளிர்ந்த சாறு மேல குளிர்ந்த மாவு. ஊற வைக்கிறது தப்பே இல்ல. ஊறினதும் சாறை வடிச்சு, ஒரு சின்னப் பாத்திரத்துல கார்ன்ஸ்டார்ச் கலந்து கொதிக்க விடுங்க. பால் மாதிரி கலங்கலா இருக்குறது தெளிஞ்சு கண்ணாடி மாதிரி ஆகும். அதைத் திரும்பப் பழத்துல ஊத்துங்க. இதைச் செஞ்சா பாதிப் பிரச்சினை அடுப்புக்குப் போறதுக்கு முன்னாடியே தீந்துடும்.

நயாகரா அக்கா

நான் டொராண்டோவில இருக்கிறன். வந்த புதிசில நானும் இதே பிழை விட்டனான். ஊரில நாங்கள் கோர்ன்ஃப்ளவர் எண்டு கஸ்டர்டுக்குப் போடுற சாமான் இஞ்ச வேற பேரில இருக்குது. கஸ்டர்ட் செய்து மஞ்சள் கஞ்சியாப் போனபிறகுதான் எனக்கு விளங்கினது.

தங்கச்சி, ஒண்டு கேக்கிறன். உங்கட மோர் எது? குடிக்கிற மோரோ, கடையில பெட்டியில வாற பட்டர்மில்க்கோ? எங்கட மோர் தண்ணி. இஞ்சத்தை பட்டர்மில்க் தடிப்பு. அதாலதான் மா ஒட்டியிருக்கும், பிறகு நீங்கள் மா தூவிப் பிசைஞ்சிருப்பீங்கள்.

அரைவேக்காடு

அக்கா, கையும் களவுமாப் பிடிச்சிட்டீங்க. தயிரைக் கரைச்சு, மதியச் சாப்பாட்டுக்குப் பெருங்காயம் போட்டு வச்சிருந்த மோர்ல இருந்து ஒரு கப் எடுத்தேன். பெருங்காயம் அடியில தங்கிடும்னு நினைச்சு மேலாக எடுத்தேன். சிரிக்காதீங்க.

நயாகரா அக்கா

சிரிக்கேல்லை, கொஞ்சம்தான். தயிர் முக்கால் கப், தண்ணி கால் கப், கட்டியில்லாமல் கலக்குங்கோ. அதுவே பட்டர்மில்க்குக்குப் பதில். முழுக்க ஒரேயடியா ஊத்தாமல் பாத்துப் பாத்து விடுங்கோ. பெருங்காயம் வேண்டாம் பிள்ளை.

கோவை ஓவன்

நான் சொன்ன 425ஐ வாபஸ் வாங்கிக்கறேன். நடுவுல புகுந்து கேக்கறதுக்கு மன்னிக்கணும். எங்க ஊர்ல பீச் அபூர்வம். பங்கனப்பள்ளி மாம்பழத்துல பண்ணலாங்களா? ஓடிஜிதான் (சின்ன மின்சார ஓவன்) இருக்கு. முட்டை வேற வீட்டுல ஆகாது.

மாவுக்கை

தாராளமாப் பண்ணலாம். காப்ளர்ல பொதுவா முட்டையே கிடையாது, அந்தக் கவலை வேணாம். பங்கனப்பள்ளி நார் இல்லாத பழம், அது நல்லதுதான். ஆனா நல்லாப் பழுத்தது வேணாம், வெந்து கூழாயிடும். கெட்டியா இருக்கும்போதே நறுக்குங்க. இனிப்பு அதிகம்ங்கறதால சர்க்கரை பாதியாப் போதும், எலுமிச்சை கட்டாயம். மாம்பழத்துல பீச் அளவுக்குப் புளிப்பு இல்ல, எலுமிச்சை இல்லாம விட்டா ஜாம் தின்ன மாதிரி இருக்கும். ஆகஸ்ட் மாசம் கொடைக்கானல் பேரிக்காய் வந்தா அதையும் செஞ்சு பாருங்க. எனக்கு மாம்பழத்தைவிட அதுதான் பிடிக்கும்.

ஓடிஜியில மேல் கம்பி மாவுக்குப் பக்கத்துல இருக்கும், சீக்கிரம் சிவந்துடும். 180 செல்சியஸ், மேல் கீழ் ரெண்டு கம்பியும் போட்டு, நிறம் வந்ததும் அலுமினியத் தாள் தளர்வா மூடி, கொப்புளம் வர்ற வரைக்கும் விடுங்க. உங்களுக்கு நம்ம ஊர் கார்ன்ஃப்ளோரே சரி, வெள்ளை பாக்கெட்.

இன்னொண்ணு. அமெரிக்காவோட தெற்கத்தி மாநிலங்கள்ல பல வீடுகள்ல "ஒரு கப், ஒரு கப், ஒரு கப்"னு ஒரு காப்ளர் உண்டு: மாவு, சர்க்கரை, பால் ஆளுக்கு ஒரு கப், உருக்கின வெண்ணெய் மேல தோசை மாவு பதத்துல ஊத்தி, அதுக்கு மேல பழம். வேகும்போது மாவு பழத்தைத் தாண்டி மேல எழும்பி வரும். அதுல அவங்க போடுறது பேக்கிங் பவுடரும் உப்பும் ஏற்கெனவே கலந்த செல்ஃப் ரைசிங் மாவு. சாதா மைதாவுல அப்படியே பண்ணினா ஓடு மாதிரி கிடக்கும். ஒரு கப் மைதாவுக்கு ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் உப்பு சேர்த்துக்கணும்.

அரைவேக்காடு

மாவுக்கை, சனிக்கிழமைக்கு நான் என்ன அளவுல செய்யணும்னு ஒரே இடத்துல எழுதிடுங்க ப்ளீஸ். மேல போய்த் தேடினா குழம்புது.

மாவுக்கை

பழம் 3 பவுண்டு (1.35 கிலோ), சர்க்கரை முக்கால் கப், கார்ன்ஸ்டார்ச் 2 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன். சாறை வடிச்சுக் கொதிக்கவிட்டு சேர்த்த பிறகு, பழத்தை மட்டும் 375ல 15 நிமிஷம் அடுப்புல வைங்க. சூடான பழத்து மேல மாவு போட்டா அடிப்பக்கம் உடனே வேக ஆரம்பிக்கும்.

மாவு: மைதா ஒன்றரை கப் (கப்பை மாவுல அமுக்காம ஸ்பூன்ல அள்ளிப் போட்டு நிரப்பினா 190 கிராம் வரும்), சர்க்கரை 3 டேபிள்ஸ்பூன், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், சோடா கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், வெண்ணெய் 6 டேபிள்ஸ்பூன், அக்கா சொன்ன தயிர்க் கலவை அரை கப்புல தொடங்குங்க. அப்புறம் 35லிருந்து 45 நிமிஷம். கீழ ஒரு தட்டு வைங்க, சாறு வழிஞ்சா அடுப்பைத் தேய்க்கணும். வெளிய எடுத்து அரை மணி நேரம் கை வைக்காதீங்க, ஆறும்போதுதான் சாறு இறுகும்.

அரைவேக்காடு

வந்துட்டேன்! நேத்து பாட்லக் முடிஞ்சது.

நடுவுல கொப்புளம் வர 48 நிமிஷம் ஆச்சு. 35லயே மேல சிவந்துடுச்சு, கை பரபரத்துது, ஆனா உங்க பேச்சைக் கேட்டு தாளை மூடி விட்டேன். மாவை ஒரு துண்டு பிட்டுப் பாத்தேன், அடி வரைக்கும் பஞ்சு. சாறு தேன் பதம். பக்கத்து வீட்டு அம்மா ரெண்டாவது தடவை வந்து போட்டுக்கிட்டாங்க, ஆனா பழத்தைக் கத்தியால கொட்டையில இருந்து சீவின கதையைச் சொன்னதும், "ஏன் ஒட்டுற பழமா வாங்கினே?"னு கேட்டாங்க. மே மாசம் முதல்ல வர்றது கொட்டையோட ஒட்டுமாம், சீசன் போகப் போகத்தான் கையால பிளந்தாலே கொட்டை தனியா வருமாம். என் ரெண்டு கூடையிலயும் ரெண்டு வகையும் கலந்திருந்துது போல.

ஒரு கேள்வி பாக்கி. கொஞ்சம் மிச்சம் இருக்கு. ஃப்ரிட்ஜ்ல வச்சதுல மாவு நமத்துப் போச்சு. மைக்ரோவேவ்ல வைக்கலாமா?

மாவுக்கை

வேணாம், இன்னும் நமக்கும். 350ல பத்துப் பதினஞ்சு நிமிஷம் மூடாம வைங்க. அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தை ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து நேரா சூடான அடுப்புக்குள்ள வச்சிடாதீங்க, விரிசல் விட்டுடும். வேற தட்டுக்கு மாத்திக்கங்க.

கோவை ஓவன்

எங்களுக்கு மாம்பழம் நல்லா வந்துச்சுங்க. மிச்சம் வைக்கல.