குடல் வெளியே தெரியப் பிறந்த குழந்தை: மதுரைக்கு அனுப்பும் முன் என்ன செய்யணும்?

கேள்வி (உசிலம்பட்டி பக்கம், லேபர் வார்டு): தொப்புளுக்கு வலப்பக்கம் குடல் வெளியே, மேலே சவ்வு இல்லை. பெரியாஸ்பத்திரிக்கு 108-ல அனுப்பணும். ஈரத்துணி சுத்தினால் போதுமா சிஸ்டர்?

பதில் 1: ஈரத்துணி வேண்டாம்மா. கொஞ்ச நேரத்துல ஆறிப்போய் குழந்தையைக் குளிர வைக்கும், காய்ந்தால் குடலில் ஒட்டும். ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) பிளாஸ்டிக் பைக்குள்ள கால்ல இருந்து நெஞ்சு வரை விட்டு, அக்குளுக்குக் கீழே தளர்வாகக் கட்டுங்க. உள்ளே குடலோட நிறம் தெரியணும், அதுக்குத்தான் கண்ணாடி மாதிரியான பை. குழந்தை வலப்பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கணும், குடலைச் சுருட்டின துணியால முட்டுக் கொடுங்க. தொங்கினால் இரத்தக்குழாய் மடங்கிடும். 15 நிமிஷத்துக்கு ஒருமுறை பாருங்க. கருநீலமானால் முதல்ல முறுக்கை நேராக்கி, உடனே சர்ஜனுக்குப் போன்.

பதில் 2: வாய்வழி வயிற்றுக்கு 8 அல்லது 10 பிரெஞ்ச் (குழாய் தடிமன் அளவு) டியூப் போட்டுத் திறந்தே விடுங்க, அடிக்கடி சிரிஞ்சால் இழுங்க. பால், சங்குத் தண்ணி எதுவும் கூடாது (பாட்டிமாரிடம் முதல்லயே சொல்லிடுங்க). ஐவி கையில்தான், தொப்புள்கொடியில் வேண்டாம். 10% டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) ஓடட்டும். திறந்த குடலில் நீர் நிறையப் போகும், அதனால கிலோவுக்கு 10 மி.லி. நார்மல் சலைன் தேவையான்னு டாக்டரைக் கேளுங்க. ஆன்டிபயாடிக், வைட்டமின் கே மறக்காதீங்க. உடல்சூடு 36.5–37.5 டிகிரி செல்சியஸ் இருக்கணும்.

பதில் 3: குடல் மேல சவ்வு மூடிய வகைன்னா கதை வேற. சவ்வைக் கிழிய விடாதீங்க, இரத்தச் சர்க்கரை பாருங்க, இதயக்கோளாறும் கூட இருக்கலாம்.